இலக்கம் கைமாறாமல் காப்பது: கைத்தொலைபேசிக்கும் சொந்த விபரங்களுக்கும் ஒரு செய்முறை

கைத்தொலைபேசி களவு போனால் போவது ஒரு பொருள். அதற்குள் இருந்த சிம் இன்னொருவர் கையில் வேலை செய்யத் தொடங்கினால் வங்கிக் கணக்கு, வட்ஸ்அப், பேஸ்புக், கூகுள் கணக்கு எல்லாம் அதன் பின்னாலேயே போகும். "இது நீங்கள்தானா?" என்று இவை எல்லாம் கேட்பது அந்த இலக்கத்துக்கு ஓடீபி, அதாவது ஒரு தடவை மட்டும் செல்லுபடியாகும் குறியீடு, அனுப்பித்தான். அதனால் இந்தச் செய்முறை தொலைபேசியில் தொடங்கவில்லை, சிம்மில் தொடங்குகிறது.

சிம் யாருடைய பெயரில் இருக்கிறது?

யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் அம்மா பாவிக்கும் சிம் எப்போதோ மகனின் அடையாள அட்டைக்கு எடுத்தது. மகன் இப்போது கனடாவில். சில சிம் காலமானவரின் பெயரில், சில பழைய முதலாளியின் பெயரில். எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை இது யாருக்கும் தெரிவதில்லை. சிம் தொலைந்து, அதே இலக்கத்தை மீளக் கேட்டுப் போகும்போதுதான் பதிவு செய்தவரின் மூல அடையாள அட்டையைக் கேட்பார்கள். அங்கே எல்லாம் நின்றுவிடும்.

#132# என்று அழைத்தால் பதிவு விபரத்தைப் பார்க்கலாம். பெயர் உங்களுடையது இல்லையென்றால் மூல அடையாள அட்டையுடன் உங்கள் வலையமைப்பின் வாடிக்கையாளர் நிலையத்துக்குப் போய் மாற்றுங்கள். பதிவு செய்தவர் உயிருடன் இருந்து ஊரிலும் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போவது அலைச்சலைக் குறைக்கும். அங்கே இன்னொன்றையும் கேளுங்கள்: உங்கள் அடையாள அட்டைக்கு வேறு என்னென்ன இலக்கங்கள் எடுக்கப்பட்டிருக்கின்றன? நீங்கள் அறியாத இலக்கம் இருந்தால் அன்றே துண்டிக்கச் சொல்லுங்கள். அந்த இலக்கத்திலிருந்து யாரும் யாரையும் ஏமாற்றினால் பொலிஸ் முதலில் தேடி வருவது உங்களிடம்.

வெளிநாடு போகிறவர்களுக்கு இதில் தனி வேலை உண்டு. ரீலோட் இல்லாமல் நெடுங்காலம் கிடக்கும் இலக்கத்தை வலையமைப்பு நிறுத்திவிடும். பிறகு அதே இலக்கம் இன்னொருவருக்குப் போகலாம். அப்போது உங்கள் வங்கி அனுப்பும் ஓடீபியும் பேஸ்புக் கடவுச்சொல்லை மாற்றும் குறியீடும் அவருக்குப் போகும். விமானம் ஏறமுதல் வங்கிக்குக் கொடுத்த இலக்கத்தை மாற்றுங்கள். அல்லது வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் அந்தச் சிம்மைக் கொடுத்து, உயிரோடு வைத்திருக்கச் சொல்லுங்கள்.

சிம்முக்கு ஒரு பூட்டு

தொலைபேசிக்கு விரல் அடையாளம், முகப் பூட்டு எல்லாம் போட்டிருப்பார்கள். சிம்முக்கு ஒன்றும் இருக்காது. எடுத்தவன் தட்டைத் திறந்து சிம்மைக் கழற்றித் தன் தொலைபேசியில் போட்டால் ஓடீபி எல்லாம் அங்கே வரும். உங்கள் விரல் அடையாளம் அங்கே ஒன்றும் செய்யாது. இதைத் தடுப்பது சிம் பின்.

அன்ட்ரொய்டில் செட்டிங்ஸ் போய், செக்கியூரிட்டி அன்ட் பிரைவசிக்குள் மேலதிகப் பாதுகாப்பு அமைப்புகளில் சிம் லொக் இருக்கும். தயாரிப்பைப் பொறுத்து இடம் கொஞ்சம் மாறும், செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் சிம் என்று அடித்தால் வந்துவிடும். ஐபோனில் மொபைல் டேட்டாவுக்குள் சிம் பின். முதலில் பழைய பின் இலக்கத்தைக் கேட்கும். இந்த இடத்தில்தான் பலர் பிழை விடுகிறார்கள். தெரியாவிட்டால் ஊகித்து அடிக்க வேண்டாம். மூன்று தடவை பிழைத்தால் சிம் பூட்டிக்கொண்டு, அதை மீளத் திறக்கும் 8 இலக்க பக் (PUK) எண்ணைக் கேட்கும். அதையும் 10 தடவை பிழையாக அடித்தால் அந்தச் சிம் இனி உதவாது, புதியதுதான் எடுக்க வேண்டும். சிம் வந்த அட்டையில் இரண்டு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் வலையமைப்பைக் கேளுங்கள். பின்னை மாற்றிய பிறகு பக் எண்ணை வீட்டில் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

ஒரு சிரமமும் உண்டு. பற்றறி இறங்கித் தொலைபேசி அணைந்து மீண்டும் எழும்போது பின் அடிக்கும்வரை அழைப்பு வராது. தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு இதை இரண்டு மூன்று தடவை செய்து காட்டிய பிறகே பூட்டைப் போடுங்கள். ஈசிம் பாவிப்பவர்களுக்குக் கழற்ற ஒன்றும் இல்லாததால் இந்த ஆபத்து குறைவு.

தொலைபேசியின் பூட்டும் அடையாள அட்டையும்

திரைப் பூட்டுக்கு கோடு இழுக்கும் முறையை விடுங்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் ஒரு தடவை பார்த்தாலே மனதில் பதியும், கண்ணாடியில் விரல் தடமும் கிடக்கும். ஆறு இலக்கப் பின் போடுங்கள். ஆனால் பிறந்த திகதி வேண்டாம், பிறந்த ஆண்டும் வேண்டாம்.

காரணம் எங்கள் அடையாள அட்டை இலக்கமே. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 032 என்றால் பெப்ரவரி 1இல் பிறந்த ஆண், 532 என்றால் அதே நாளில் பிறந்த பெண். புதிய 12 இலக்க அட்டையில் ஆண்டு நான்கு இலக்கமாக முழுதாகவே இருக்கும். ஆகவே அடையாள அட்டை இலக்கம் தெரிந்த எவருக்கும் உங்கள் பிறந்த நாள் தெரியும். அந்த அட்டையையும் வங்கி அட்டையையும் தொலைபேசி உறைக்குள் செருகி வைப்பது பூட்டையும் திறப்பையும் ஒன்றாகக் கட்டிக் கொடுப்பது போல. தொலைபேசி போகும்போது மூன்றும் சேர்ந்தே போகும்.

அடுத்தது, பூட்டிய திரையில் குறுஞ்செய்தி தெரிவதை நிறுத்துங்கள். செட்டிங்ஸில் நொட்டிபிகேஷன்ஸ், அதற்குள் லொக் ஸ்கிரீன், அங்கே உள்ளடக்கத்தை மறைக்கும் தெரிவு. இதைச் செய்யாவிட்டால் பூட்டைத் திறக்காமலே ஓடீபியை வாசிக்கலாம். மேசையில் கிடக்கும் தொலைபேசியே போதும்.

கடைக்காரர் செய்து தந்த கூகுள் கணக்கு

புதுத் தொலைபேசி வாங்கும்போது கடையிலேயே ஒரு ஜிமெயில் திறந்து, பிளே ஸ்டோரைத் தொடக்கி, வட்ஸ்அப்பையும் போட்டுத் தருவார்கள். உதவி என்றுதான் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கடவுச்சொல் உங்களுக்குத் தெரியாது. உங்கள் படங்கள், தொடர்பு இலக்கங்கள், இருக்கும் இடம் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். தொலைந்தால் தேட அந்தக் கடவுச்சொல் வேண்டும். தொலைபேசி பழுதாகி ரீசெட் செய்தாலும் பழைய கணக்கை அது கேட்கும், தெரியாவிட்டால் திறக்காது.

இன்றே கூகுள் அமைப்புகளில் உங்கள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போங்கள். தொலைபேசியின் திரைப் பூட்டை வைத்தே புதுக் கடவுச்சொல் போட விடும் சந்தர்ப்பங்கள் உண்டு. மீட்பு இலக்கத்திலும் மீட்பு மின்னஞ்சலிலும் யாருடையது இருக்கிறது என்று பாருங்கள், கடையினுடையது இருந்தால் அழியுங்கள். 'உங்கள் சாதனங்கள்' என்ற பட்டியலில் தெரியாத தொலைபேசி இருந்தால் வெளியேற்றுங்கள். பிறகு இரண்டு படிச் சரிபார்ப்பைத் தொடக்கி, அங்கே கிடைக்கும் 10 மாற்றுக் குறியீடுகளைக் கடதாசியில் எழுதி வையுங்கள். அவற்றைப் படம் பிடித்து அதே தொலைபேசியில் வைத்தால் பயன் இல்லை.

களவு நடந்த பிறகு தேடாமல் இப்போதே தொடக்கி வைக்க வேண்டியவை: அன்ட்ரொய்டில் களவுப் பாதுகாப்புப் பகுதியில் உள்ள திருட்டைக் கண்டறிந்து பூட்டும் வசதியும், இலக்கத்தை மட்டும் கொடுத்துத் தொலைவிலிருந்து பூட்டும் வசதியும். ஐபோனில், ஐஓஎஸ் 17.3 முதல் உள்ள ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்ஷன். இது இருந்தால் வழமையான இடங்களுக்கு வெளியே ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்ற முகப் பூட்டோ விரல் அடையாளமோ வேண்டும், அதன் பிறகும் ஒரு மணித்தியாலம் காக்க வேண்டும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கூட்டத்துக்குள் போய்வருகிறவர்கள் கொடியேற முதலே இதைச் செய்துவிடுவது நல்லது.

வட்ஸ்அப் எப்படிப் பறிபோகிறது

எங்கள் ஊரில் இதை விசேடமாகப் பார்க்க வேண்டும். வட்ஸ்அப்பில் எங்களுக்கு லண்டன், பாரிஸ், சூரிச், டொரொன்டோ எல்லாம் ஒரே வீடு. ஒரு கணக்கைப் பிடித்தவன் அந்த வீட்டுக்குள் வந்துவிடுகிறான். "மாமா, அவசரமாக் காசு தேவைப்படுது, பேந்து சொல்லுறன்" என்று உங்கள் பெயரிலும் படத்திலும் கேட்டால் அனுப்புகிறவர் யோசிக்க மாட்டார்.

அவன் உள்ளே வரும் வழி மூன்று.

முதலாவது, ஆறு இலக்கக் குறியீடு. உங்கள் இலக்கத்தைத் தன் தொலைபேசியில் பதிகிறான், குறியீடு உங்களுக்கு வருகிறது. உடனே தெரிந்த ஒருவரின் கணக்கிலிருந்து செய்தி: "அன்ரி, பிழையா உங்கட போனுக்கு ஒரு நம்பர் போட்டுது, அதை ஒருக்கா அனுப்புங்கோ." அந்தத் தெரிந்தவரின் கணக்கு ஏற்கனவே பறிபோனது. இதற்கு மருந்து: செட்டிங்ஸ், அக்கவுன்ட், டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன். நீங்களே தெரிவு செய்யும் ஆறு இலக்கப் பின் ஒன்றைப் போட்டு, மின்னஞ்சலையும் கொடுங்கள். மின்னஞ்சலைத் தவிர்க்கிறவர்கள் பின்னை மறந்தால் 7 நாள் காத்திருக்க நேரும். மறக்காமல் இருக்க வட்ஸ்அப் இடைக்கிடை அந்தப் பின்னைக் கேட்கும், அது வழமையானது.

இரண்டாவது, இணைத்த சாதனங்கள். கொமினிக்கேஷன் கடையில் பிரின்ட் எடுக்க அங்குள்ள கணினியில் வட்ஸ்அப் வெப் திறந்து கியூஆரைக் காட்டுவார்கள், ஆவணம் எடுத்ததும் எழும்பி வந்துவிடுவார்கள். கணினி உங்கள் செய்திகளை வாசித்துக்கொண்டே இருக்கும். மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு 'லிங்க்ட் டிவைசஸ்' பாருங்கள், உங்களுடையது அல்லாத எதையும் தொட்டு லொக் அவுட் கொடுங்கள். கியூஆர் இல்லாமல் 8 எழுத்துக் குறியீட்டாலும் சாதனத்தை இணைக்கலாம். "பரிசு கிடைத்திருக்கிறது, வட்ஸ்அப்பில் இந்தக் குறியீட்டை அடியுங்கள்" என்று யாரும் சொன்னால் அவர் கேட்பது அதைத்தான்.

மூன்றாவதைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். "உங்கள் இணைப்பில் பழுது, இதை அழையுங்கள்" என்று சொல்லி **21* அல்லது **67* என்று தொடங்கி ஒரு இலக்கத்தில் முடியும் குறியீட்டை அழைக்கச் சொல்வார்கள். அது உங்களுக்கு வரும் அழைப்புகளை அவனுக்குத் திருப்பிவிடும். பிறகு வட்ஸ்அப் குறியீட்டைக் குரல் அழைப்பாகக் கேட்டு வாங்கிக்கொள்வான். *#21#, *#67# அழைத்தால் திருப்பல் இருக்கிறதா என்று திரை காட்டும். ##002# எல்லாத் திருப்பல்களையும் நீக்கும்.

கணக்குப் போய்விட்டால் பதற வேண்டாம். உங்கள் சிம்முடன் வட்ஸ்அப்பை மீளப் பதியுங்கள். குறியீடு சரியானதும் அவன் வெளியே போய்விடுவான். அவன் தன் பின்னைப் போட்டிருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாள் ஆகும், ஆனால் அந்த நாட்களில் அவனும் உள்ளே இல்லை. குறியீட்டால் பிடித்தவனுக்குப் பழைய உரையாடல்கள் போகாது. இணைத்த சாதனத்தால் வந்தவனுக்கு அவையும் தெரியும்.

அழைப்பு, குறுஞ்செய்தி, கியூஆர்

ஓடீபி செய்திகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. அம்மாமாருக்கு அதில் விளங்குவது இலக்கம் மட்டும், அதைத்தான் வாசித்துக் கொடுக்கிறார்கள். அந்தச் செய்தியிலேயே எவ்வளவு ரூபாய் எங்கே போகிறது என்று எழுதியிருப்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. வீட்டில் இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்து வாசித்துக் காட்டுங்கள்.

கூடவே ஒரு அளவுகோலையும் சொல்லிக் கொடுங்கள்: காசு வாங்குவதற்கு கணக்கு இலக்கம், பெயர், வங்கி, கிளை போதும். அட்டையின் பின்பக்க மூன்று இலக்கமோ, காலாவதித் திகதியோ, ஓடீபியோ வேண்டியது காசு எடுப்பதற்கு மட்டும். கியூஆரும் அப்படித்தான். ஸ்கான் செய்கிறவர் கொடுப்பவர். "இதை ஸ்கான் செய்தால் காசு வரும்" என்பது பொய். வங்கிகளுக்கிடையே இப்போது காசு கணப்பொழுதில் போய்விடுவதால், பிழை விளங்கிய அந்த நிமிடமே அட்டையின் பின்னால் உள்ள வங்கி இலக்கத்தை அழைக்க வேண்டும். கிளை திறக்கும்வரை இருந்தால் காசு வேறு கணக்குக்குப் போய்விடும்.

பார்சல் வந்திருக்கிறது, முகவரி பிழை, சிறு தொகை கட்டுங்கள் என்று தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் குறுஞ்செய்திகள் பற்றித் திணைக்களமே எச்சரித்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து உண்மையிலேயே பார்சல் எதிர்பார்த்திருக்கும் வீடுகள் இங்கே அதிகம் என்பதால் இது இலகுவாகப் பிடித்துக்கொள்கிறது. கேட்கும் தொகை சிறிது, ஆனால் அவர்களுக்கு வேண்டியது அட்டை இலக்கம். இணைப்பு முகவரியை வாசிக்கும்போது தொடக்கத்தில் உள்ள https:// என்பதை விட்டு, அதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டைத் தேடி, அதிலிருந்து இடப்பக்கமாக வாருங்கள். சாய்கோட்டுக்கு உடனே முன்னால் இருக்கும் பெயர்தான் உண்மையான உரிமையாளர். தொடக்கத்தில் வங்கியின் பெயரோ தபாலின் பெயரோ இருப்பதில் ஒன்றும் இல்லை, அதை யாரும் எழுதலாம்.

வட்ஸ்அப்பில் வரும் கோப்பு ஏபிகே என்று முடிந்தால் அது அழைப்பிதழும் அல்ல, மின்சாரப் பட்டியலும் அல்ல, ஒரு செயலி. நிறுவினால் முதலில் குறுஞ்செய்தி வாசிக்கவும் அக்சசிபிலிட்டிக்கும் அனுமதி கேட்கும். அக்சசிபிலிட்டி கிடைத்தால் உங்கள் திரையை வாசிக்கவும் உங்களுக்காகப் பொத்தானை அமத்தவும் அதனால் முடியும். கொடுத்துவிட்டிருந்தால் உடனே விமானப் பயன்முறைக்குப் போட்டு வைஃபையும் நிற்கிறதா என்று பாருங்கள். வேறு தொலைபேசியில் வங்கியை அழையுங்கள், அதன் பிறகு செயலியை நீக்குங்கள். எனிடெஸ்க் போன்ற திரையைப் பகிரும் செயலியை வங்கி ஒருநாளும் போடச் சொல்லாது.

கொமினிக்கேஷன் கடை, திருத்தும் கடை

கடதாசியில் போகும் விபரமும் அதே விபரம்தான். ரீலோட் கொப்பியில் பெண்பிள்ளைகள் தங்கள் இலக்கத்தை எழுதி வைப்பதைத் தவிர்த்து, வங்கிச் செயலியாலோ ரீலோட் அட்டையாலோ போட்டால் பிறகு வரும் தொல்லை அழைப்புகள் இராது. அடையாள அட்டையின் போட்டோக் கொப்பி கொடுக்கும்போது, முகத்தையும் இலக்கத்தையும் மறைக்காமல், குறுக்கே இன்ன தேவைக்கு, இன்ன திகதி என்று பேனையால் எழுதுங்கள். அப்படி எழுதிய கொப்பியைக் கொண்டுபோய்ச் சிம் எடுப்பது கடினம். கடவுச்சீட்டைக் கடைக்காரரின் வட்ஸ்அப்புக்கு அனுப்பிப் பிரின்ட் எடுத்தால், முன்னால் நின்றே அவரின் தொலைபேசியிலும் கணினியின் டவுன்லோட்ஸிலும் அழிக்கச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிறிய யூஎஸ்பியில் கொண்டுபோவது இன்னும் நல்லது.

கஸ்தூரியார் வீதியிலோ ஆஸ்பத்திரி வீதியிலோ திரை மாற்றக் கொடுக்கும்போது பூட்டைத் திறக்கும் எண்ணையும் கேட்பார்கள். திரை மாற்ற அது தேவையில்லை, தொடுகை வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான். சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோட் இருக்கிறது, பேட்டரி அன்ட் டிவைஸ் கேர் பகுதியில். அதைப் போட்டால் தொலைபேசி வெறுமையாகத் திறக்கும், உங்கள் படங்களும் செய்திகளும் தெரியா. பிக்சலில் ரிப்பேர் மோட். இல்லாத தொலைபேசியென்றால் சிம்மையும் மெமரி கார்ட்டையும் கழற்றிக்கொண்டு, வேலை முடியும்வரை பக்கத்தில் இருந்து, எண்ணை நீங்களே அடியுங்கள்.

விற்கும்போது முதலில் கூகுள் கணக்கை நீக்குங்கள், ஐபோனென்றால் ஐகிளவுட்டிலிருந்து வெளியேறுங்கள், பிறகு ரீசெட். வரிசை மாறினால் வாங்கியவர் திறக்க முடியாமல் உங்களிடம் வருவார். பழைய தொலைபேசி வாங்கும்போது *#06# அழைத்து வரும் 15 இலக்கத்தை, அதாவது அந்தத் தொலைபேசியின் தனி அடையாளமான ஐஎம்ஈஐயைக் கேட்டு வாங்கி, ஐஎம்ஈஐ (IMEI) என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு அந்த இலக்கத்தை 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் இருக்கிறதா என்று பதில் வரும்.

தொலைந்துவிட்டால்

வரிசை முக்கியம். சிம் முடங்கினால் டேட்டா நிற்கும், டேட்டா நின்றால் தொலைவிலிருந்து பூட்டும் கட்டளை போய்ச் சேராது. சிம் பின் போட்டவர்கள் பக்கத்தில் நிற்பவரின் தொலைபேசியில் கூகுளிலோ ஆப்பிளிலோ புகுந்து முதலில் பூட்டிவிட்டு, பிறகு சிம்மை முடக்கலாம். சிம் பின் இல்லாதவர்கள் சிம்மைத்தான் முதலில் முடக்க வேண்டும். அதே வலையமைப்பு உள்ள தொலைபேசியிலிருந்து டயலொக் 1777, எஸ்எல்டி மொபிடெல் 1717, ஹட்ச் 1788. அடுத்தது வங்கி. அதற்குப் பிறகே பொலிஸ், பெட்டியில் உள்ள ஐஎம்ஈஐ இலக்கத்துடனும் பில்லுடனும். பெட்டியை எறிந்தவர்கள் இப்போதே *#06# அடித்து, வரும் இலக்கத்தை எழுதி வையுங்கள்.

கணக்கு ஊடுருவப்பட்டால் இணையப் பாதுகாப்புக்கான அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101 இலக்கத்தை அழைக்கலாம். படங்களை வைத்து யாரும் மிரட்டினால் காசு கொடுக்க வேண்டாம், கொடுத்தால் மீண்டும் கேட்பார்கள். செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, கணக்கின் முகவரியையும் குறித்துக்கொண்டு முறைப்பாடு செய்யுங்கள். மிரட்டப்படும் பெண்களுக்கென ஹிதவதி என்ற உதவிச் சேவையும் உண்டு. தங்கள் அனுமதியின்றிக் கணக்குக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றம் என்பதை முறைப்பாடு எழுதும்போது தெரிந்திருப்பது உதவும்.

அன்றிரவே வெளிநாட்டில் உள்ளவர்களுக்கு வேறொரு தொலைபேசியிலிருந்து குரலில் சொல்லுங்கள்: என் பெயரில் காசு கேட்டு வந்தால் அனுப்ப வேண்டாம், முதலில் என்னோடு கதையுங்கள். குடும்பக் குழுவில் எழுதினால் அதை அவனும் வாசிப்பான்.